முதுமலையில் நாய்க்கு ஏன் தடை?

கூடலூரிலிருந்து மைசூரு போகும் சாலை, தொரப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டியதும் காட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. சாலையோரத்திலேயே புள்ளிமான்கள் மேயும். தெப்பக்காட்டில் மாயாற்றுப் பாலமும் யானைகள் முகாமும் வரும். அங்கிருந்து வலப்பக்கம் பிரியும் சாலை மசினகுடிக்குப் போகிறது. 1940-ல் சரணாலயமாகி, 1990-ல் தேசியப் பூங்காவாகி, 2007-ல் புலிகள் காப்பகமான முதுமலை இதுதான்.

மசினகுடி, மாயாறு, பொக்காபுரம், வாழைத்தோட்டம் எல்லாம் காட்டை ஒட்டிய ஊர்கள். பாலுக்கும் சாணத்துக்கும் மாடு வளர்ப்பது இங்கே பழைய தொழில். யானை வந்தாலும் சிறுத்தை வந்தாலும் முதலில் குரல் கொடுப்பது பட்டியில் இருக்கும் நாய்தான். அதனால் நாய் இல்லாமல் இந்த ஊர்க்காரர்களால் இருக்க முடியாது. ஆனால், அதே நாய் காட்டுக்குள் போனால் ஆபத்து.

காரணம் நோய். நாய்களுக்கு வரும் 'கெனைன் டிஸ்டெம்பர்' என்ற வைரஸ் நோய் செந்நாய், சிறுத்தை, புலி, சிங்கம் எல்லாவற்றையும் தாக்கும். நோயுள்ள நாய் வாய் வைத்த இறைச்சியைப் புலி தின்றாலோ, அந்த நாயையே சிறுத்தை அடித்துத் தின்றாலோ நோய் பரவ வாய்ப்பு உண்டு. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் 1994-ல் சுமார் 1,000 சிங்கங்கள் இறந்தது இந்த நோயால்தான். குஜராத்தின் கிர் காட்டில் 2018-ல் சில வாரங்களில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும் இதே வைரஸ் உறுதியானது. வெறிநோயும் இப்படிப் பரவக்கூடியதே. நாய் துரத்தினாலே சினை மான் ஓடிக் களைத்து விழுந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி அனுமதியில்லாமல் தேசியப் பூங்காவுக்குள் நுழைவதே குற்றம். வனத்துறை வண்டியில் காடு பார்க்கப் போகிறவர்கள் வளர்ப்புப் பிராணிகளைக் கொண்டுபோக முடியாது. நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்கள் வழியில் நிறுத்தி நாயை இறக்கிவிடக் கூடாது.

நாயை ஏவி முயலையோ மானையோ துரத்தினால், அது பிடிபடாவிட்டாலும் வேட்டைதான். துரத்துவதும் அதற்கு முயல்வதும் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே வருகின்றன. புலிகள் காப்பகத்தில் வேட்டையாடினால் முதல் முறை 3 முதல் 7 ஆண்டுகள் சிறை. அபராதம் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை. மறுமுறை சிக்கினால் குறைந்தது 7 ஆண்டுகள் சிறை. அபராதம் 5 லட்சத்தில் தொடங்கி 50 லட்சம் வரை போகும். பயன்படுத்திய வாகனமும் பறிபோகும். 'நாய்தானே துரத்தியது' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இதே சட்டத்தில் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. பூங்கா எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் உள்ள கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வது வனத்துறையின் கடமை. முகாம் நடக்கும்போது ஆடு மாடுகளை அவசியம் கொண்டுபோக வேண்டும்.

காட்டோரத்தில் நாய் வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியவை இவை:

* வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். டிஸ்டெம்பருக்கும் சேர்த்துப் போடும் ஊசியைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, குட்டிப் பருவத்திலேயே தொடங்க வேண்டும். இந்த நோயைக் குணமாக்க மருந்து கிடையாது; தடுப்பூசி ஒன்றே வழி.
* மாடு மேய்க்கப் போகும்போது நாயைக் கூட அழைத்துப் போகக் கூடாது.
* இரவில் நாயை வெளியில் கட்டிப்போட்டால் சிறுத்தை தூக்கிவிடும். கூண்டிலோ பட்டிக்குள்ளோ அடைக்க வேண்டும்.
* வேண்டாத குட்டிகளைக் காட்டோரம் கொண்டுபோய் விடக் கூடாது, கருத்தடை செய்துவிடலாம்.
* செத்த மாட்டைக் காட்டோரம் வீசாமல் ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

கண்ணில் பீளை, மூக்கில் சளி, வலிப்பு, தள்ளாட்டம் என்று நாய்க்கு ஏதாவது தெரிந்தால், உடனே தனியாக அடைத்துவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். பட்டியைக் காக்கும் நாய்க்கும் அதுதான் நல்லது. பக்கத்துக் காட்டுக்கும் அதுதான் நல்லது.