ஐயா தரையில் இருந்த மாதங்கள்

எங்கள் ஊரில் குளிர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில், செம்மணல் தேரியை ஒட்டிய ஊர். மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனால் கார்த்திகை பிறந்ததுமே ஆச்சி காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, "ஏ அம்மா, என்ன வாடை, என்ன வாடை" என்று அடுப்படியை விட்டு நகர மாட்டாள். ஊட்டிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். வருஷத்தில் எட்டு மாதம் வெயிலில் வெந்தவளுக்கு அந்த ஈரக்காற்றே பெரிய குளிர்தான்.

எனக்கும் தம்பிக்கும் குளிர்காலம் வந்துவிட்டதென்று காட்டியது காற்று இல்லை, ஐயாவின் செருப்பு. அது வாசலில் கிடந்தால் குளிர்காலம்.

ஐயா பனையேறி. மாசியில் பாளை சீவத் தொடங்கினால் ஆவணி வரைக்கும் அவர் எங்களுக்கு இல்லை. விடியுமுன் மூன்று மணிக்கே முருக்குத்தடியைத் தோளில் போட்டுக்கொண்டு, அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு விளைக்குப் போய்விடுவார். முப்பது, நாற்பது மரம். காலையில் ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம். நடுவில் அம்மா பதனீர் காய்ச்சும் விடிலிக்கு வந்து கஞ்சி குடிப்பார். அந்த மாதங்களில் ஐயாவைப் பார்க்க வேண்டுமென்றால் விளைக்குப் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். தெரிவது இரண்டு உள்ளங்கால்களும் அவற்றைப் பிணைத்த தளைநாரும்தான். எந்த மரத்தில் எந்தக் கால் என்று எங்களுக்கு அத்துப்படி.

புரட்டாசியில் அந்தக் கால்கள் தரைக்கு வந்துவிடும். மழை விழுமுன் கூரைக்கு ஓலை மாற்றுவது முதல் வேலை. பிறகு நார்க்கட்டில் இழுத்துக் கட்டுவது, தளைநார் திரிப்பது, அருவாளுக்குப் புதுப்பிடி போடுவது. ஆச்சியும் அம்மாவும் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி முடைவார்கள். வெளியே ஐப்பசி மழை ஊற்றும். நாலு பேர் கையும் ஓலையும் நாருமாக ஓடிக்கொண்டிருக்கும். பேச்சும் ஓடும். ஐயாவுக்குப் பேசவும் தெரியும் என்பதே வருஷா வருஷம் ஐப்பசியில்தான் எங்களுக்கு ஞாபகம் வரும்.

இதைச் சொன்னால், ஆஹா, என்ன ஆனந்தமான வாழ்க்கை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பதனீர் இல்லையென்றால் காசு இல்லை. ஐயா வீட்டில் இருந்த நாலைந்து மாதமும் கடனில் ஓடிய மாதங்கள். கோடையில் காய்ச்சிய கருப்பட்டியில் முக்கால்வாசி, முன்பணம் தந்த வியாபாரியிடம் வெயில்காலத்திலேயே மலிவு விலைக்குப் போயிருக்கும். அதே கருப்பட்டி மழைக்காலத்தில் விலை ஏறி நிற்கும். அந்த ஏற்றத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு வேண்டுமென்று அம்மா இரண்டே இரண்டு பெட்டியை மட்டும் ஒளித்து வைப்பாள். அடுப்புக்கு நேர் மேலே, பரணில், புகை படும் இடத்தில். மழை ஈரத்துக்குக் கருப்பட்டி கசியும். புகைச்சூடு இருந்தால்தான் கட்டியாக நிற்கும்.

புகை எட்டாத பக்கம் கசியத்தான் செய்யும். ஓலைப்பெட்டியின் முடைச்சல் வழியாக ஒரு கறுத்த துளி எட்டிப் பார்க்கும். தம்பி என் தோளில் ஏறி அதை விரலால் வழித்து நக்குவான். எனக்குப் பாதி. ஒரு துளியோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. அவன் தினமும் விரலை விட்டுக் குடைந்து குடைந்து, மார்கழியில் அம்மா பெட்டியை இறக்கியபோது அடிக்கருப்பட்டியில் எலி குடைந்ததுபோல ஒரு வளை இருந்தது. "எலிதான் தின்னுருக்கு" என்றான் தம்பி. ஐயா கருப்பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமா. அஞ்சு விரல் உள்ள எலி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. குடைந்த கருப்பட்டியை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் அந்த மார்கழி முழுக்க எங்கள் வீட்டுச் சுக்குக் காப்பியில் இனிப்பு தூக்கலாக இருந்தது.

திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை. இதை எங்கள் பக்கத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும்தான் அதிகம் பார்க்கலாம். பச்சரிசி மாவு, வறுத்த சிறுபயறு, தேங்காய்த் துருவல், கருப்பட்டிப் பாகு, கொஞ்சம் சுக்கு. பிசைந்து, குருத்தோலையின் மடிப்புக்குள் நீளமாக அடைத்து, ஈர்க்கால் கட்டி ஆவியில் வைக்க வேண்டும். வேகும்போது பச்சை ஓலையின் மணம் மாவுக்குள் இறங்கிவிடும். இட்லிப் பாத்திரத்தில், வாழை இலையில் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். கொழுக்கட்டை வருகிறது, அந்த மணம் வரவில்லை. குருத்தோலைக்காக ஐயா அன்று ஒரே ஒரு வடலியில் ஏறுவார். சின்ன மரம், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட. அதற்குத் தளைநார்கூட வேண்டாம். "இதெல்லாம் மரமா" என்று சிரித்துக்கொண்டே வெட்டிப் போடுவார்.

பனங்கிழங்கைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆடி, ஆவணியில் பழம் விழும். தின்றதும் சப்பியதும் போக மிச்சமிருக்கும் கொட்டைகளைச் சேர்த்து, வீட்டுக்குப் பின்னால் மணலைக் குவித்துப் பாத்தி போட்டு, நெருக்கி அடுக்கி மூடிவிடுவார் ஐயா. முளை மேலே வராமல் கீழே போகும். அந்த முளைதான் கிழங்கு. மழை பெய்யப் பெய்ய அது மண்ணுக்குள் நீளும். தேரி மணல் பொலபொலவென்று இருப்பதால் எங்கள் ஊர்க் கிழங்கு கோணாமல் நேராக இறங்கும். இது ஊர்ப்பெருமை, கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

கிழங்கு முற்றுவதற்கு முன்பே, கார்த்திகைக் கடைசியில், எங்களுக்குப் பொறுக்காது. "தவுன் வெட்டித் தாங்க" என்று ஐயாவைப் பிடுங்கி எடுப்போம். முளைத்த கொட்டைக்குள் இருக்கும் வெள்ளைப் பஞ்சுதான் தவுன். யாழ்ப்பாணத்தில் பூரான் என்கிறார்கள். ஐயா பாத்தியின் ஒரு மூலையைக் கிளறி, நாலைந்து கொட்டையை எடுத்து, முளையை முறித்துவிட்டு, ஒரு கட்டையின்மேல் வைப்பார். இடது கை கொட்டையைப் பிடித்திருக்கும். வலது கையில் அருவாள். எங்களுக்கு மூச்சு நின்றுவிடும். அருவாள் இறங்கும்போது இடது கை அங்கே இருக்காது. எப்போது எடுத்தார் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கொட்டை இரண்டாகப் பிளந்து, நார்ச்சடைக்கும் கறுப்பு ஓட்டுக்கும் நடுவில் வெண்ணெய் நிறத்தில் இரண்டு அரைக்குழிகள். கத்தி முனையால் ஒரு சுற்று சுற்றி நெம்பினால் கிண்ணம் கிண்ணமாக வரும். தொட்டால் ஈரப்பஞ்சு, கடித்தால் மொறுக்கென்று ஒரு சத்தம், பிறகு லேசான இனிப்பு. இளநீர் வழுக்கையோடு ஒப்பிட்டுச் சிலர் சொல்கிறார்கள், சரியாகப் படவில்லை. வேறு எதைப் போலவும் இல்லை. கிழங்கு முற்ற முற்ற இதன் சத்தெல்லாம் அதற்குள் போய்விடும். அப்புறம் தவுன் காய்ந்த சக்கை. ஐயா நாலு கொட்டைக்கு மேல் வெட்ட மாட்டார். "தவுனத் தின்னா பொங்கலுக்குக் கெழங்கு ஏதுல?" என்பார். ஒரு கொட்டைத் தவுன் என்பது ஒரு கிழங்கின் கணக்கு. கிழங்கு 25 சேர்ந்தால் ஒரு கட்டு. பொங்கல் சந்தையில் கரும்புக்கும் மஞ்சள்குலைக்கும் பக்கத்தில் அந்தக் கட்டுகளை வைத்துத்தான் அம்மா எங்கள் துணிக்கடனை அடைத்தாள்.

விற்கும் கட்டு போக, வளைந்தது, முறிந்தது, குட்டையானது எல்லாம் வீட்டுக்கு. மண் போகக் கழுவி, அடியும் நுனியும் நறுக்கி, பெரிய மண்பானையில் நெட்டுக்குத்தாக நிறுத்தி, உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீர் ஊற்றி வேக வைப்பாள் அம்மா. அடுப்பில் பனைமட்டை எரியும். நாங்கள் அதன் முன்னால் குளிர்காய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். வெந்ததும் தோலை உரித்து, நெடுகப் பிளந்து, நடுவில் ஓடும் நாரை உருவி எறிந்துவிட்டுத் தின்ன வேண்டும். பல் போன ஆச்சிக்கு மட்டும் உரலில் இடித்து, தேங்காய், பூண்டு, மிளகு போட்டு உருண்டை. "வாயு புடிக்கும்டா, மெளகு கூடப் போடச் சொல்லு" என்பாள். எங்கள் பங்கையும் தின்றுவிட்டு ஆச்சியின் உருண்டையிலும் கை வைப்போம். அவள் கண்டும் காணாததுபோல இருப்பாள்.

பிற்பாடு யோசிக்கும்போது மேலே வருவது தீனியைவிட அதற்குப் பிறகு நடந்த ஒன்று. அடுப்பு அணையுமுன் அம்மா ஒரு கரண்டியில் வேப்பெண்ணெயைச் சுட வைப்பாள். ஐயா சுவரில் சாய்ந்து காலை நீட்டுவார். ஆறேழு மாதம் கருக்கில் உரசிய கால். கணுக்காலைச் சுற்றித் தளைநார் அழுத்திய தடம் வளையம்போல இருக்கும். உள்ளங்காலில் தோல் காய்ந்த பனங்கொட்டைபோல. மரத்தை அணைத்து அணைத்து நெஞ்சிலும் கைகளின் உட்புறத்திலும் காய்த்துப் போயிருக்கும். வேலை இல்லாத நாளில் அந்தக் காய்ப்பு இளகி வெடிக்கும். வெடித்த இடத்தில் சூட்டெண்ணெய் பட்டால் சுள்ளென்று இருக்குமாம். ஐயா "ஸ்" என்று ஒரு சத்தம் போடுவார். "மரத்துல தொங்கும்போது வலிக்கலயாக்கும், இப்ப வலிக்குதாக்கும்" என்பாள் அம்மா. "மேல இருக்கும்போது கால ஆரு நெனச்சா?" என்பார் ஐயா. நாங்கள் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்போம். அவர்கள் இரண்டு பேரும் சண்டை இல்லாமல் பேசிக்கொள்வது அந்த நேரத்தில்தான்.

டிசம்பர் நடுவிலிருந்து பக்கத்து ஊர்க் கிறிஸ்தவப் பிள்ளைகள் கீதபவனி வருவார்கள். ஈர்க்கும் வண்ணத்தாளும் ஒட்டிய நட்சத்திர விளக்கு, ஒரு ஆர்மோனியம், ஒரு டிரம். நடுநிசிக்கு மேல் எங்கள் வீட்டுக்கு முன்னாலும் ஒரு பாட்டு பாடுவார்கள். நாங்கள் அந்த மதம் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஐயா எழுந்து சுக்குக் காப்பி கொடுப்பார். குடித்துவிட்டு இன்னொரு பாட்டு. பண்டிகை அன்று அந்த வீடுகளிலிருந்து முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் வரும். பொங்கலுக்கு இங்கிருந்து கிழங்கு போகும்.

மழை நன்றாகப் பெய்த வருஷம் என்றால் ஐயா ஒருநாள் எங்களைப் புத்தன்தருவைக் குளம் பார்க்கக் கூட்டிப்போவார். பல வருஷம் வெறும் கட்டாந்தரை. தண்ணீர் வந்துவிட்டால் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை. தூரத்தில் நாரைகள். அவ்வளவு உயரம் ஏறி இறங்கும் ஐயா தண்ணீரில் கால் வைக்கப் பயப்படுவார். கரையிலேயே நின்று, "போதும்ல, வாங்கல" என்று கத்திக்கொண்டிருப்பார்.

ஐயா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. தம்பி மரம் ஏறவில்லை, கடை வைத்திருக்கிறான். ஐயா ஏறிய விளையில் மரங்கள் பாதி நிற்கின்றன. கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், நல்லது. ஏறுவதற்கு ஆள் இல்லாமல் காவோலை சுமந்து நிற்கும் மரத்தை எந்தப் பட்ஜெட்டில் சேர்ப்பது என்று தெரியவில்லை. நான் இருப்பது சென்னையில். பொங்கல் சமயத்தில் தெருமுனையில் கிழங்கு விற்கிறார்கள். வாங்குகிறேன். கொட்டையை முறித்துவிட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். தவுன் என்றால் விற்பவருக்கே என்னவென்று தெரியவில்லை.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையைத் தென்மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இரண்டு நாள் தம்பியின் போன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கிடைத்தபோது, "வீட்டுக்குள்ள முட்டளவு தண்ணி, எல்லாரும் நல்லாருக்கோம்" என்றான். சற்று நேரம் கழித்து, "பாத்தி போச்சுண்ணே" என்றான். மணலெல்லாம் அரித்துக்கொண்டு போய், கிழங்குகள் வேர்போல வெளியே தெரிந்தனவாம். அம்மா விடவில்லை. மிஞ்சியதைப் பொறுக்கி, அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலோ காய்ந்த விறகு இருந்ததைக் கேட்டு வாங்கி, தெருவுக்கே அவித்துப் போட்டிருக்கிறாள்.

இந்த வருஷமும் தம்பி பாத்தி போட்டிருக்கிறான். ஐந்நூறு கொட்டை. அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எப்படி அடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாளாம். மழை அளவாகப் பெய்தால் மார்கழிக் கடைசியில் தோண்டலாம் என்கிறான். கார்த்திகையிலேயே வருகிறேன், நாலு கொட்டையை எடுத்து வை என்று சொல்லியிருக்கிறேன். அருவாள் யார் பிடிப்பது என்று இன்னும் பேசவில்லை.