பெட்டைக் குட்டிக்கும் ஒரு திண்ணை

தெருவில் கிடக்கும் நாய்க்குட்டிகளுக்கு வீடு பார்த்துக் கொடுப்பவர்களின் காதில் முதலில் விழும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “கடுவனா, பொட்டையா?” நிறம், வயது, உடல்நிலை எல்லாம் அதற்கு அப்புறம். கடுவன் என்றால் அன்று சாயங்காலமே வண்டியில் கூடையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பொட்டை என்றால், “வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். காரைக்கால் பக்கம் நாலு குட்டியைத் தூக்கி வளர்த்து வீடு சேர்த்துப் பார்த்த எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

அப்படிச் சொல்லும் குடும்பங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். அந்த இரண்டு மூன்று வாரமும் வாசலில் ஏழெட்டுக் கடுவன்கள் கூடி ராத்திரி முழுக்கச் சண்டை போடும். பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்கள். அப்புறம் ஒரு ஈற்றுக்கு நாலைந்து குட்டி. அவற்றில் பாதி மறுபடியும் பெட்டை. இதற்குப் பயந்துதான் கண் திறக்காத பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி மார்க்கெட் ஓரத்திலும் ஆற்றங்கரையிலும் விட்டுவிட்டுப் போகிறார்கள். விட்டதில் பிழைத்த குட்டி வளர்ந்து அதே தெருவில் அடுத்த ஈற்றைப் போடுகிறது. பயந்து செய்யும் காரியமே பயந்ததைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இந்தக் கடற்கரையில் குட்டிகளின் காலமும் மழைக்காலமும் ஒன்றாகவே வருகின்றன. தெருநாய்கள் ஆண்டின் எந்த மாதத்திலும் குட்டி போடும் என்றாலும், ஆவணி, புரட்டாசியில் இணை சேர்பவைதான் அதிகம். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். கணக்குப் போட்டால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஈற்று. வடகிழக்குப் பருவமழை டெல்டாவில் கொட்டித் தீர்ப்பதும் அப்போதுதான். வயல் மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த ஊர்களில் சாக்கடைப் பாலத்தடியும் இடிந்த சுவரோரமும்தான் தாய் நாய்க்குக் கிடைக்கும் பிரசவ அறை. ஒரே ராத்திரி மழையில் அங்கே தண்ணீர் ஏறிவிடும். பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. கண் திறக்கவே இரண்டு வாரம் ஆகும். அரசலாற்று முகத்துவாரத்து மீன்பிடித் துறைமுகமானாலும் சரி, திருநள்ளாற்று அன்னதானக் கூடங்களின் பின்புறமானாலும் சரி, சோறு கிடைக்கும் இடமாகப் பார்த்துத் தாய் ஒதுங்குகிறது. மழை அங்கேயும் விடுவதில்லை.

நனைந்து விறைத்த குட்டி கைக்கு வந்தால் நல்ல மனசுக்காரர்கள் முதலில் தேடுவது பாலை. முதலில் தர வேண்டியது சூடு. உடம்பு குளிர்ந்திருக்கும்போது ஊட்டினால் செரிக்காது, புரையேறி உயிரே போகலாம். பழைய துண்டால் அழுத்தித் துடைத்து, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு மூலையில் வைக்க வேண்டும். இன்னொரு மூலையை ஆறவிட வேண்டும். சூடு அதிகமானால் குட்டி தானே நகர்ந்துகொள்ளும். அப்புறம்தான் பால். அதுவும் பசும்பாலை அப்படியே கொடுத்தால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கில் முடியும். நாய்க்குட்டிக்கென்று விற்கும் பால்மாவுதான் உத்தமம். குட்டியைக் குழந்தைபோல மல்லாத்திப் படுக்க வைத்து ஊட்டக் கூடாது. தாயிடம் குடிக்கிற மாதிரி குப்புறக் கிடந்தே குடிக்க வேண்டும். கண் திறக்காத குட்டிக்குத் தானாக மூத்திரம் போகவும் தெரியாது. தாய் நக்கிவிடும் இடத்தில் ஈரப் பஞ்சால் ஒவ்வொரு முறையும் தடவிவிட வேண்டும். இந்த வேலை ராத்திரியிலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் வரும்.

ஐந்தாறு வாரக் குட்டியின் வயிறு மட்டும் பானையாக உப்பி, விலா எலும்பு தெரிந்தால் அது நன்றாகச் சாப்பிட்டதன் அடையாளம் அல்ல, குடற்புழு. புழுமருந்து கொடுத்து, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசியும், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வேண்டும். பார்வோ வந்தால் ரத்தபேதியில் ஒரு பெட்டிக் குட்டிகளும் சில நாளில் போய்விடும். தாய் இருக்குமானால் எட்டு வாரம் வரை பிரிக்காமல் இருப்பது நல்லது. கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைக் குட்டி தன் உடன்பிறப்புகளோடு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. அவசரப்பட்டு நாலாவது வாரத்தில் பிரித்த குட்டி, பிற்பாடு “கடிக்குதுங்க, திருப்பி எடுத்துக்கங்க” என்ற புகாரோடு திரும்பி வருகிறது.

வீடு பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் அனுபவத்தில் விளைந்தவை. சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பது? சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிவைப்பீர்களா? குட்டியைப் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்களா, பெரியவர்களுக்கும் விருப்பமா? மனசு நோகாமல் இவற்றைக் கேட்பது தனி வித்தை. பொண்ணு கேட்டு வந்தவர்களை விசாரிப்பதுபோல் இருக்கிறதே என்று சிலர் கோபிப்பார்கள். ஆனால் விசாரிக்காமல் கொடுத்த குட்டிதான் ஆறு மாதத்தில் மறுபடி தெருவுக்கு வருகிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2022-இல் தெருநாய், தெருப்பூனைகளைத் தத்துக் கொடுப்பதற்கென்றே நடைமுறை ஒன்றை வெளியிட்டது.

சட்டத்தின் பார்வையில் இந்தக் குட்டிகள் ஓர் இடைவெளியில் நிற்கின்றன. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் தந்திருக்கின்றன. ஆனால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியைக் கருத்தடைக்காகப் பிடிக்கக் கூடாது, பாலூட்டும் தாயையும் பிடிக்கக் கூடாது. நியாயமான விதிதான். இதனால் பிறந்தது முதல் ஆறு மாதம் வரை குட்டியைக் காப்பது எந்தத் திட்டத்தின் வேலையும் அல்ல. வண்டிச் சக்கரத்திலும் பார்வோவிலும் குட்டிகள் சாவது பெரும்பாலும் அந்த வயதில்தான். வீடு தேடிக் கொடுக்கும் சிறு குழுக்கள் அந்த இடத்தில்தான் நிற்கின்றன.

இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு நீண்ட மரபு உண்டு, அதன் தொடக்கமும் மழைதான். 1959-இல் சென்னை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் தியாகராய நகரிலிருந்த தம் வீட்டுக்கு எடுத்து வந்தார். அவரும் மனைவி உஷா சுந்தரமும் வீட்டிலேயே தொடங்கிய பணிதான் புளூ கிராஸ் ஆயிற்று. உஷாவும் விமானி. அப்போது சென்னை மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. அந்தக் கணக்கை 1964-இல் ஆராய்ந்தார் அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் நாய்கள் கொல்லப்பட்டும் தெருவில் எண்ணிக்கை குறையவில்லை. கருத்தடைதான் வழி என்று அவர் எழுப்பிய குரலை மாநகராட்சி ஏற்க 1996 ஆயிற்று. அதற்குள் கொல்லப்படும் எண்ணிக்கை இன்னும் கூடியிருந்தது. கொல்வதை நிறுத்திக் கருத்தடையும் தடுப்பூசியும் தொடங்கியபின், சென்னையில் 1996-இல் 120 ஆக இருந்த வெறிநோய்ச் சாவு 2010-இல் ஒன்றுமில்லாமல் போனது என்பது புளூ கிராஸ் தரும் கணக்கு.

எல்லா நாயையும் பிடித்துக் காப்பகத்தில் அடைத்துவிடலாமே என்ற எண்ணம் அவ்வப்போது தலைதூக்கும். 2025 ஆகஸ்ட் 11-இல் உச்சநீதிமன்றம் தில்லிப் பகுதி நாய்களை அப்படியே காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது. ஆகஸ்ட் 22-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை அதே இடத்தில் விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது என்றது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கவும் வழிசெய்தது. தத்தெடுத்த நாய் திரும்பத் தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு. நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்ற உத்தரவு வந்தது. அங்கே பிடித்தவற்றைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது. அந்த நாய்கள் எங்கே போகும் என்ற கேள்வி இப்போது ஒவ்வொரு நகராட்சியின் மேசையிலும் இருக்கிறது, காரைக்காலிலும்தான்.

காரைக்காலின் கஷ்டம் அதன் எல்லைக்கோட்டிலும் இருக்கிறது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் நிலம். ஒரு நகராட்சி, திருநள்ளாறு, கோட்டுச்சேரி, நெடுங்காடு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள். ஆட்சித் தலைமையும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கும் புதுச்சேரி 130 கிலோமீட்டருக்கு அப்பால். எல்லை ஊரான வாஞ்சூரில் கருத்தடை செய்தாலும், சாலையைத் தாண்டினால் நாகூர். பூவத்தைத் தாண்டினால் தரங்கம்பாடிப் பக்கம். மனிதருக்குத்தான் அது இரண்டு அரசு. நாய்க்கு ஒரே மீன் கழிவு, ஒரே கடைத்தெரு. ஒரு பகுதியில் பத்தில் ஏழு நாய்க்காவது கருத்தடை நடந்தால்தான் பலன் நிற்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. எல்லையின் இந்தப் பக்கம் மட்டும் செய்தால் அந்த அளவு ஒருநாளும் தேறாது.

சின்ன இடம் என்பதே பலமாகவும் ஆகலாம். பூட்டான் 2009-இல் தொடங்கிய வேலையை விடாமல் செய்து, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களுக்குக் கருத்தடை செய்து, தெருநாய்கள் அனைத்துக்கும் செய்து முடித்துவிட்டதாக 2023 அக்டோபரில் அறிவித்தது. மலையும் பள்ளத்தாக்குமான ஒரு நாடு செய்ததை, அரைநாளில் சைக்கிளில் குறுக்கே கடந்துவிடக்கூடிய நிலம் செய்ய முடியாதா?

எப்படிப் பார்த்தாலும் வீடு கிடைக்காதவை சில இருக்கும். பேருந்தில் அடிபட்டுப் பின்கால் இழந்தவை, கண் போனவை, வயதானவை. ஆசைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, டெல்டா வெயிலில் மூச்சிரைப்பதைப் பார்த்தபின் கைவிடப்பட்ட சைபீரியன் ஹஸ்கியும் அந்தக் கூட்டத்தில் சேரும். காப்பகம் என்பது இவற்றுக்குத்தான். இலங்கையில் யாழ்ப்பாணம் போகும் வழியில் இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென ஒரு சரணாலயம் நடத்துகிறது. முதியோரையும் பார்க்கும் அறக்கட்டளை அது. நல்ல குட்டியும் அங்கே வந்து நிரம்பினால், போக்கிடமற்ற கிழ நாய்க்கு இடம் இருக்காது. குட்டிக்கு வெளியே வீடு பார்ப்பது கிழ நாய்க்கும் செய்கிற உபகாரம்.

வீடு என்றால் சோபாவும் தனி அறையும் என்று நினைக்க வேண்டியதில்லை. 2004 சுனாமியில் புதுச்சேரி சின்னக்காலாப்பட்டு மீனவர் குடிசை ஒன்றில் நடந்ததைச் செய்தி நிறுவனங்கள் உலகமெங்கும் கொண்டுசென்றன. தாய் சின்னக் குழந்தைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓட, ஏழு வயது மூத்தவன் குடிசைக்குள் போய்விட்டான். செல்வகுமார் என்ற வீட்டு நாய் அவனைக் கடித்து இழுத்து மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனது. பையன் பிழைத்தான். காரைக்கால்மேடும் கிளிஞ்சல்மேடும் பட்டினச்சேரியும் அன்று அதே அலையில் அழிந்த ஊர்கள். அங்கெல்லாம் நாய் வாசலில் படுக்கும், படகு வரும்போது கரைக்குப் போகும், குழம்பில் மிஞ்சிய மீனோடு சோறு தின்னும். அந்த வாசல் போதும். வாசலோடு ஒரு தடுப்பூசி அட்டையும், இது எங்கள் நாய் என்று சொல்ல ஒரு ஆளும் சேர வேண்டும்.

பெட்டைக் குட்டிக்கு வீடு கிடைக்க, கூடவே ஒரு வாக்குறுதியும் போக வேண்டும்: ஆறு மாதம் ஆனதும் கருத்தடையைச் செலவில்லாமல் செய்து தருகிறோம், நாலைந்து நாள் நாங்களே வைத்திருந்து தையல் ஆறியபின் கொண்டுவந்து விடுகிறோம். இதைச் சொன்னால் “பொட்டை வேணாம்” என்பவர்களில் பலர் யோசிக்கிறார்கள். கருத்தடை செய்த பெட்டைக்குப் பருவம் வராது, வாசலில் கூட்டம் கூடாது, அதுவும் வீட்டைக் காக்கும். ஆனால் வாக்கைக் காப்பாற்ற அறுவை மேசையும் மருத்துவரும் காரைக்காலுக்குள்ளேயே வேண்டும். நகராட்சியும் ஐந்து கொம்யூன்களும் கால்நடைத் துறையும் சேர்ந்து ஆடியில் முகாமைத் தொடங்கினால் ஆவணிக்கு முன் பாதித் தூரம் போய்விடலாம். அதே வாரங்களில் நாகையும் மயிலாடுதுறையும் தங்கள் எல்லை ஊர்களில் தொடங்கினால், வாஞ்சூரிலும் பூவத்திலும் வேலை வீணாகாது. கார்த்திகை மழையில் அட்டைப்பெட்டியோடு அலைபவர்களுக்கு அந்த ஆண்டே சுமை குறையும்.