பில் புத்தகத்தில எங்கட மொழி

சிறுதொழில் தொடங்கிற எல்லாரும் முதலில் ஓடுறது விசிட்டிங் கார்ட் அடிக்கத்தான். எங்களைக் கேட்டால் அது கடைசியாக வரலாம். ஒரு சின்ன வியாபாரத்தின் உண்மையான முகம் பில் புத்தகம். கார்ட் சட்டைப்பையில் கிடந்து கசங்கிப்போகும். பில்லைச் சனம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணக்குப் பாக்கும், பிழை எண்டால் அதை நீட்டித்தான் கேக்கும்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து யாழ்ப்பாணத்தில் மிளகாய்த்தூளும் தேங்காய் எண்ணெயும் பொதி செய்து விற்கிறோம். பில் புத்தகம், லெட்டர்ஹெட், என்வலப், ரப்பர் சீல், கார்ட் என்று ஐந்து சாமான் தேவைப்பட்டது. அச்சகத்தில் முதல் வந்த கேள்வியே இதுதான்: "தம்பியவை, தமிழும் போடவேணுமோ? இடம் காணாது."

கேட்டவர் தமிழர். கேள்வியில் கெட்ட எண்ணமும் இல்லை. இருந்தும் எங்களுக்கு அது குத்தியது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியான நாட்டில், 1987இல் 13ஆம் திருத்தம் வந்த பிறகுதான் தமிழும் ஆட்சிமொழி எண்டு எழுத்தில் வந்தது. அரச படிவத்தில் தமிழ் பிழையாக வந்தால் நாங்கள் சண்டை பிடிக்கிறோம். எங்கட சொந்தக் கடைப் பில்லில் தமிழே இல்லாவிட்டால் அதை ஒருவரும் கவனிக்கிறதில்லை.

எங்களிடம் சாமான் வாங்கிறவர்களில் பாதிப்பேர் அம்மம்மாமார். அதனால் பில்லில் தமிழ் முதலாவது, ஆங்கிலம் இரண்டாவது. வங்கிக்கும் கொழும்புக் கடைகளுக்கும் போகிற லெட்டர்ஹெட்டில் மூன்று மொழியும் வரும்.

மூன்றையும் ஒரே அளவில் அடித்தால் சரி என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலம் 8 புள்ளி அளவில் தெளிவாக இருக்கும். தமிழில் சுழிகளும் விசிறிகளும் கூட. அதே அளவில் 'ன'வும் 'ண'வும், 'கி'யும் 'கீ'யும் மங்கலாகிவிடும். தமிழை ஒன்றரை, இரண்டு புள்ளி கூட்டி, வரிகளுக்கு நடுவிலும் கொஞ்சம் இடம் விடவேணும். இடம் காணாவிட்டால் லோகோவைச் சின்னனாக்கலாம்.

அடுத்தது எழுத்துரு. அச்சகங்களில் பாமினி இன்னும் உயிரோடு இருக்கு. அதில் ஆங்கில விசைகளின் மேல்தான் தமிழ் உருவங்கள் ஏறியிருக்கின்றன. மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் வரும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் ஒரே விசைதான், ஷிப்ட் மட்டும்தான் வித்தியாசம். நாங்கள் போனில் யுனிகோட்டில் அனுப்பினதை அங்கே திருப்பித் தட்டும்போது ஷிப்ட் தவறினால் 'தேங்காய்' 'தெங்காய்' ஆகிவிடும். நோட்டோ, முக்தா மலர் போன்ற யுனிகோட் எழுத்துருக்கள் இலவசம். அதில் வடிவமைத்து, பிடிஎஃப் ஆக்கிக் குடுத்தால் திருப்பித் தட்டுற வேலையே இல்லை.

காசு மிச்சம் பிடிக்கவும் வழி இருக்கு. ஒஃப்செட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு வேணும், ஆகவே ஒரே நிறம் போதும். போன் திரையில் மினுங்கிற பச்சை தாளில் அப்படி வராது என்பதையும் மறக்கக்கூடாது. பில்லுக்கு ஏ5 அளவு எண்டால் ஒரு ஏ4 தாளில் சரியாக இரண்டு வரும், வெட்டுத்துண்டு மிஞ்சாது. பில்லுக்கும் கடிதத்துக்கும் 80 ஜிஎஸ்எம் தாள், கார்டுக்கு 300. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சைகளே தள்ளிப்போன நாடு இது. தாளை வீணாக்கிறது எங்களுக்குக் கட்டாது.

சட்டத்தையும் ஒருக்கால் பாருங்கோ. கம்பனியாகப் பதிந்தவர்கள் 2007ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டப்படி, வியாபாரக் கடிதத்திலும் விலைப்பட்டியலிலும் பற்றுச்சீட்டிலும் கம்பனிப் பெயரையும் இலக்கத்தையும் காட்டவேணும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் மட்டும் பதிந்தவர்கள், பதிந்த பெயரையே எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கோ. காசோலை அந்தப் பெயருக்குத்தான் வரும்.

ஆயிரம் பிரதி அடிக்க முதல் ஒரு பிரதியை உண்மையான அளவில் எடுத்து, போல்பொயின்ற் பேனையால் நிரப்பிப் பாருங்கோ. 'தொகை' எழுதிற பெட்டிக்குள் ஐந்து இலக்கம் அடங்குதோ? பிறகு அதை ஒரு அம்மம்மாவிடம் குடுங்கோ. கண்ணாடியைத் தேடாமல், ஆரையும் கேக்காமல், தான் என்ன வாங்கினா, எவ்வளவு குடுத்தா எண்டு அவவே வாசித்தால், அச்சுக்குக் குடுக்கலாம்.