பர்மாவிலிருந்து வந்த இருதய வைத்தியர்

இந்தியாவின் முதல் பெண் இருதய நோய் நிபுணர் என்று போற்றப்பெறும் டாக்டர் சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நாம் வாழும் இத்தில்லியிலேயே கழித்தவர் என்பதை நம் லோதி ரோட்டு அன்பர்களில் பலர் அறியார்.

அவர் 1917-இல் பர்மாவில் ஒரு வழக்கறிஞர் இல்லத்தில் பிறந்தார். ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் தேறினார். 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது, ஆடவர் அங்கேயே தங்கிவிட, தாயுடனும் சகோதரிகளுடனும் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். யுத்தம் முடிந்த பின்னரே குடும்பம் ஒன்று கூடிற்று. ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இதன் பாரம் விளங்கும். நாமாவது டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தோம்!

1949-இல் லண்டன் சென்றவர், பின்னர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹெலன் டாசிக் அம்மையாரிடம் பயின்றார். குழந்தைகளின் இருதய வைத்தியத்தைத் தனித் துறையாக வளர்த்தவர் அந்த அம்மையார். அவருக்குச் செவிப்புலன் குன்றியிருந்தது. ஆதலால் குழந்தையின் மார்பில் விரல்களை வைத்தே இருதயத்தின் துடிப்பை ஆராய்ந்தாராம். பிறவிக் கோளாற்றால் நுரையீரலுக்குப் போதிய இரத்தம் செல்லாமல் உடல் நீலம் பாரித்த குழந்தைகளுக்கு, கைக்குச் செல்லும் இரத்தக் குழாயை நுரையீரல் குழாயுடன் இணைத்துவிடலாம் என்ற யோசனை அவருடையது. டாக்டர் பிளாலாக், விவியன் தாமஸ் என்ற உதவியாளரின் துணையோடு, 1944 நவம்பரில் அதை முதன்முதலாகச் செய்து காட்டினார்.

அத்தகைய ஆசானிடம் பயின்றவர் 1953-இல் நம் லேடி ஹார்டிஞ் கல்லூரிக்கு வந்து, மறு ஆண்டே இருதய நோய்ப் பிரிவைத் தொடங்கினார். 1962-இல் அகில இந்திய இருதய நிறுவனம், 1967-இல் மௌலானா ஆசாத் கல்லூரியின் தலைமை, 1981-இல் தேசிய இருதய நிலையம் என்று பணி விரிந்தது. 2020-இல், 103-ஆம் வயதில், கொரோனா நோயால் காலமானார்.

அவர் பெரிதும் ஆராய்ந்தவற்றுள் ஒன்று ருமாட்டிக் காய்ச்சலால் வரும் இருதய நோய். அதன் பெயரைச் சென்ற ஆண்டுதான் யான் அறிந்தேன். எங்கள் மகளுக்குத் தொண்டைப் புண் கண்டு ஆறிய சில வாரங்களில் முழங்கால் வீங்கிற்று. அது தணியுமுன் மணிக்கட்டு வீங்கிற்று. வளர்கிற வயதின் வலி என்றனர் அயலார். டாக்டரோ குழாயை மார்பில் வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை. அந்த மௌனத்தில் என் மனைவி என் கையைப் பற்றிக்கொண்டாள். இருதய வால்வு சிறிது பழுதுற்றிருக்கிறது. மீண்டும் மீண்டும் காய்ச்சல் வந்தால் அது முற்றிலும் கெடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுவந்தால் காக்கலாம் என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். பல ஆண்டுகள் என்றார்.

ஊசி வலிக்கும், குழந்தை அழுவாள். 'நன்றாகத்தானே ஓடி ஆடுகிறாள், இன்னும் எதற்கு?' என்று ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் கேட்கிறார். ஓடி ஆடுகிறவளுக்குத்தான் அது வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் விளக்குகிறோம். இக்கோடை விடுமுறையில் ஓர் ஊசி நாள், நாங்கள் ஊரில் இருக்கும்போது வருகிறது. டாக்டரின் சீட்டைப் பயணச் சீட்டோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். தாலுகா ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறதா என்று கேட்டுவர மைத்துனரை அனுப்பியிருக்கிறோம்.