டேங்க்குக்குள் ஒரு மோட்டார்

காரின் பெட்ரோல் பம்ப்பை ஏன் டேங்க்குக்குள்ளேயே வைத்தார்கள் என்று கேட்டால், எங்கள் கொங்குப் பக்கத்தில் போர்வெல்லைக் காட்டினால் போதும். மேலே இருந்துகொண்டு உறிஞ்சும் மோட்டாருக்கு இருபத்தைந்து அடி ஆழமே பெரிய பாடு. அதற்குக் கீழே தண்ணீர் போனதும் சப்மெர்சிபிளை உள்ளேயே இறக்கினோம். அது இழுப்பதில்லை, தள்ளுகிறது. காரிலும் இதே கதைதான்.

பழைய மாருதி 800-இல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருந்தது, டேங்க்கோ பின்னால். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சுலபமாக ஆவியாகிவிடும். கோடையில் மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலை ஏறும்போது வண்டி நின்றுவிடும். பம்ப்பின் மேல் ஈரத் துணி போட்டுக் காத்திருப்பார்கள். அந்தத் துணி பெரும்பாலும் நம்ம ஊர் பனியன் வேஸ்ட்தான்! 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகி, கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. என்ற இன்ஜெக்டர் முறை வந்தது. இன்ஜெக்டருக்குச் சுமார் 3 பார் அழுத்தம் வேண்டும். டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட அது அதிகம். பழைய பம்ப்பால் அது ஆகாது; அதனால்தான் மின்மோட்டார் பம்ப் டேங்க்குக்குள் இறங்கியது.

பல்லடம் சாலைப் பட்டறை ஒன்றில், பவர் டேபிள் தையலுக்குத் துணிப் பீஸ் கொண்டுபோகும் பனியன் கம்பெனிக் கார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, பம்ப்பை மெல்ல வெளியே எடுத்தார் மெக்கானிக். அடியில் இருந்த நைலான் வடிகட்டி கருத்து, கைபட்டதும் பிசுபிசுத்தது.

"எப்பவும் இருநூறு ரூபாய்க்குத்தானுங்க போடுவாங்க. ரிசர்வுலயே ஓட்டுனா மோட்டார் என்னத்துக்குங்க ஆகும்?" என்றார்.

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த மோட்டாரைக் குளிரவைப்பதும் உராயாமல் காப்பதும் அதன் உள்ளேயே பாய்ந்து போகும் பெட்ரோல்தான். பம்ப்பைச் சுற்றி ஒரு சிறு கிண்ணம் கொஞ்சம் எரிபொருளைப் பிடித்து வைத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் வளைவிலும் மேட்டிலும் அதுவும் வற்றினால் பம்ப் காற்றை விழுங்கும், சூடேறும்.

பெட்ரோலுக்குள் மின்சாரம், தீப்பிடிக்காதா? நியாயமான பயம். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தால்தான் பற்றும். மோட்டாருக்குள் நிறைந்திருப்பது பெட்ரோல், காற்றே இல்லை. மேலே தேங்கும் ஆவியோ நம் வெயிலில் அந்த அளவைத் தாண்டியே இருக்கும். ஆபத்தெல்லாம் மூடியைத் திறந்து காற்றை உள்ளே விடும்போதுதான். அதனால் பம்ப்பைக் கழற்றும் வேலையை வீட்டுவாசலில் செய்து பார்க்க வேண்டாம்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் காதைக் கொடுங்கள். பின்னாலிருந்து ஓரிரு விநாடி மெல்லிய முனகல் கேட்கும்; பம்ப் குழாயில் அழுத்தம் ஏற்றுகிறது. கேட்கவில்லையென்றால், பம்ப்பை மாற்றுமுன் பியூஸையும் ரிலேயையும் பார்க்கச் சொல்லுங்கள். முள் கால் டேங்க்குக்குக் கீழே இறங்குமுன் பெட்ரோல் போட்டுவிடுங்கள்.