ரிச்சி தெருவில் ஒரு டாக்டர்!

மவுன்ட் ரோடிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால் பத்தடிக்குள் நாலு பேர் மடக்குவார்கள். 'என்னா சார் வேணும்? லேப்டாப்பா, சார்ஜரா, கேமராவா?'

நான் தேடிப் போனது கார் டாக்டரை!

என் செகண்ட் ஹேண்ட் காரில் ஒருநாள் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். 'சென்சார் காலி. பன்னிரண்டாயிரம் ஆகும்' என்றார்கள். எந்த சென்சார் என்று கேட்டேன். 'அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்!'

பன்னிரண்டாயிரம் மட்டும் நன்றாகப் புரிந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில், 16 பின் சாக்கெட் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயம். நம் ஊரில், 2017-ல் நாடு முழுக்க பிஎஸ்-4 வந்த பிறகு வாங்கிய காரென்றால் தைரியமாகக் குனிந்து தேடலாம். அதில் ஸ்கேனரைச் செருகினால் கார் தன் வியாதியை நம்பர் போட்டுச் சொல்லும்.

கடைக்காரத் தம்பி மூன்றை எடுத்து வைத்தார். தீப்பெட்டி சைஸில் ப்ளூடூத், நானூறு ரூபாய். திரை வைத்த கையடக்க மெஷின், இரண்டாயிரத்து இருநூறு. மூன்றாவதின் விலையைக் கேட்டதும் என் மஞ்சள் விளக்கும் எரிந்தது!

'அது ஷெட்டுக்கு சார். ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் படிக்கும். வீட்டுக்கு எதுக்கு? ப்ளூடூத்துல டூப்ளிகேட் ஜாஸ்தி. ஐபோன்னா எல்லாம் சேராது. எதுவானாலும் உங்க வண்டியில மாட்டிப் பாத்துட்டு காசு குடுங்க. கோடு மட்டும் காட்டினா பத்தாது, இன்ஜின் ஓடறப்ப லைவ் டேட்டாவும் காட்டணும்.'

நல்ல பிள்ளை. தீப்பெட்டியை மாட்டினோம். விளக்கு மினுக்கியது, போனோடு பேசியது, காரோடு மட்டும் பேசவில்லை! இரண்டாவது பேசியது: பி0171. இன்ஜினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம்.

அப்படியானால் சென்சார்தான் கோளாறா? பி.காம். படித்தவனுக்கு ஒரு சந்தேகம். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், தப்பு இருக்கிறது என்றுதான் தெரியும். எந்த என்ட்ரியில் என்று நாம்தான் தேட வேண்டும். தகவல் சொன்ன சென்சாரை மாற்றுவது, தந்தி கொண்டுவந்த தபால்காரரை அடிப்பது மாதிரி அல்லவா?

கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. பிளாட்பாரம் முழுக்க கழற்றிய கதவு, பம்பர், இன்ஜின். அங்கே ஒரு பெரியவர் நம்பரைக் கேட்டார். ஏசியை அணைக்கச் சொல்லிவிட்டு பானெட்டுக்குள் காதைக் கொடுத்தார்.

'உஸ்ஸுன்னு சத்தம் வருதா? எங்கியோ காத்து இழுக்குது.'

விரல் நேராக ஒரு ரப்பர் ஹோஸுக்குப் போனது. அடிப்பக்கம் வெடிப்பு. கூலியோடு இருநூற்றைம்பது ரூபாய்!

கோடை அழிக்கப் போனேன். தடுத்தார். 'மொதல்ல எழுதி வெச்சுக்க சார். அழிச்சிட்டா ஆதாரம் போயிடும். மறுபடி வந்தா அதே நம்பரான்னு பாக்கணும்ல?'

எழுதிக்கொண்டு அழித்தேன். விளக்கு அணைந்தது. மிச்சம் ஒன்பதாயிரத்து ஐந்நூற்றைம்பது.

'மெஷின் எவ்ளோ சார்?'

சொன்னேன். பெரியவர் தன் காதைத் தடவிக்கொண்டார். 'இது ஓசி சார்!'

இப்போது எந்த ஒர்க்‌ஷாப் போனாலும், 'என்ன கோடு வருது?' என்றுதான் ஆரம்பிக்கிறேன். 'உங்களுக்குப் புரியாது' என்று இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை!