ஓடும் சத்திரம்

சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் புதுச்சத்திரம். காசுமீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. ஊரின் பெயரைக் கேட்ட அளவில் பழங்காலத்து வழிநடைக் காட்சி உள்ளத்தில் தோன்றும். பெரும்பாலோர் கால்நடையாகவே ஊர்விட்டு ஊர் சென்ற காலத்தில், நடந்து களைத்தவர் தங்கி இளைப்பாறும் பொருட்டு அறவோர் சத்திரங்களை அமைத்தனர். சத்திரத்தில் தங்கியவன் அதனைத் தன் உடைமை என்று கூறான். ஓரிரவு அதன் நிழலைப் பெறுவான். விடிந்ததும் அடுத்து வருவோனுக்கு இடம் விட்டு எழுந்து செல்வான். ஒருவருக்கும் உரியதன்று, ஆயினும் பலர்க்கும் பயன்படுவது. இதுவே சத்திரத்தின் இயல்பு.

இக்காலத்தில் வழிப்போக்கர் சத்திரத்தைத் தேடுவதில்லை. எனினும் அதன் பண்பு மறைந்துவிடவில்லை. அது சக்கரம் பூண்டு சாலையில் ஓடுகிறது. நாள்தோறும் நாம் ஏறி இறங்கும் பேருந்தே அந்த ஓடும் சத்திரம்.

காலைப் பொழுதில் இவ்வட்டாரத்துப் பேருந்து நிறுத்தம் ஒன்றைக் காணுங்கள். புத்தகப் பையுடன் பள்ளிச் சிறுவர் நிற்பர். இராசிபுரத்திற்கும் நாமக்கல்லுக்கும் கல்லூரி செல்லும் இளைஞர் நிற்பர். கோழிப்பண்ணை வேலைக்குச் செல்லும் பெண்டிர், கையில் உணவுத் தூக்குடன் சாலையையே நோக்கி இருப்பர். மருத்துவமனைக்குப் புறப்பட்ட முதியவர் கைத்தடியை ஊன்றி அமர்ந்திருப்பார். நாமக்கல் நகரம் லாரிகளுக்குப் பாடி கட்டும் தொழிலில் பெயர் பெற்றது. நாடெங்கும் ஓடும் வண்டிகளுக்கு வடிவம் கொடுக்கும் தொழிலாளியும் தம் வேலைக்குச் செல்லப் பேருந்தையே எதிர்பார்த்து நிற்கிறார்!

பேருந்தினுள் புகுந்தால், எழுதப்படாத அறங்கள் சில நடைபெறக் காணலாம். இருக்கை பெற்றவர், நின்று வரும் மாணவனின் பையைக் கேளாமலே வாங்கித் தம் மடியில் வைத்துக்கொள்வார். பின்னே நிற்பவர் நீட்டிய காசு, முன்பின் அறியாத நால்வர் கைகளின் வழியே நடத்துநரைச் சென்று சேரும். சீட்டும் மீதிச் சில்லறையும் அக்கைகளின் வழியே குறையாது திரும்பி வரும். அரசுப் பேருந்துகளில் திருக்குறள் எழுதி வைத்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அக்குறளைப் படியாதவரும் அதன் பொருளின்படி நடப்பதை அங்கே காண்கிறோம்.

பேருந்துப் பயணத்தில் துன்பம் இல்லை என்று எவரும் கூறார். வெயிலில் காத்திருத்தல் வேண்டும். நெரிசலைப் பொறுத்தல் வேண்டும். குறித்த நேரத்தில் வண்டி வாராவிடின், பிந்திச் சென்று பிறர் சொல்லும் கேட்டல் வேண்டும். இத்துணைத் துன்பத்திற்கிடையிலும் அது பொதுப்பொருளாக நிலைத்திருப்பதே அதன் சிறப்பு.

இப்பொதுமை எளிதில் வந்ததன்று. பிரெஞ்சு நாட்டு அறிஞர் பாசுக்கல் 1662-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் ஒரு புதுமையைத் தொடங்கினார். குறித்த வழியில், குறித்த கட்டணத்தில், எவரும் ஏறிச் செல்லத்தக்க குதிரை வண்டிகளை அவர் ஓடச் செய்தார். ஆனால் அந்நகரத்து நீதிமன்றம், போர்வீரர்களும் பணியாளர்களும் கூலியாட்களும் அவற்றில் ஏறலாகாது என்று தடுத்தது. எவருக்கு வண்டி மிகவும் வேண்டியிருந்ததோ, அவருக்கே அதன் கதவு அடைபட்டது.

நம் நாட்டிலும் அக்குறை இருந்தது. தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்த பேருந்து முதலாளிகள் ஒரு காலத்தில் இருந்தனர். 1930-ஆம் ஆண்டையொட்டி, இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் அக்கொடுமையைப் பொறாராயினார். அம்மக்களை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் பறிக்கப்படும் என்று அவர் ஆணையிட்டார். கடல் கடந்த அமெரிக்காவில், மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள், பேருந்தில் தமக்குச் சமமான இடம் வேண்டி 1955 திசம்பர் முதல் 381 நாட்கள் அதனைப் புறக்கணித்தனர். அவருள் பலர் வேலைக்கு நடந்தே சென்று வந்தனர். ஓர் இருக்கைக்காகவா அத்துணைத் துன்பம் என்று வினவலாம். இருக்கைக்காக அன்று, மாந்தர் அனைவரும் நிகர் என்னும் உண்மைக்காக.

தமிழகத்தில் 1970-களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. அவற்றுள் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கழகம் அண்ணாவின் பெயரைத் தாங்கியிருந்தது. பள்ளி மாணவர் கட்டணமின்றிச் செல்ல அரசு வழிசெய்துள்ளது. 2021-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் முதல், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்கும் கட்டணம் இல்லை. கூலிக்குச் செல்லும் தாய் ஒருத்திக்கு, நாள்தோறும் கைப்பையில் மிஞ்சும் சில ரூபாய்கள் மாத முடிவில் ஒரு மூட்டை அரிசியின் விலையில் பெரும்பங்கு ஆகும்.

புதுச்சத்திரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்ந்து வந்தார். பணியில் இருந்த காலமெல்லாம் பேருந்திலேயே சென்று வந்தவர் அவர். வெளியூரில் பொருளீட்டிய மகன், தந்தையின் முதுமை கருதி மகிழுந்து ஒன்றை வாங்கித் தந்தான். மகனின் அன்பை மறுக்க மனமின்றி ஆசிரியரும் அதில் சென்று வந்தார். அவ்வூரில் வசதி பெற்ற பிறரும் ஒருவர்பின் ஒருவராகச் சொந்த வண்டிக்கு மாறினர்.

ஒரு நாள் மாலை, இருள் கவியும் வேளையில், நிறுத்தத்தில் தனித்து நின்ற மாணவி ஒருத்தியைக் கண்டு அவர் வண்டியை நிறுத்தினார்.

“ஏனம்மா, பேருந்து இன்னும் வரவில்லையா?”

“வரும் ஐயா. ஆனால் ஏறுவோர் குறைந்துவிட்டதால் இந்த மாலை நடையை நிறுத்திவிடக்கூடும் என்று நடத்துநர் சொன்னார். அது நின்றுவிட்டால் என்னைக் கல்லூரிக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார் அப்பா.”

அன்றிரவு ஆசிரியருக்கு உறக்கம் கொள்ளவில்லை. தாம் வண்டி ஏறியது தம் சொந்தக் காரியம் என்றே அவர் எண்ணியிருந்தார். தாம் விட்டுச் சென்ற இருக்கை, பிறள் ஒருத்தியின் படிப்பைத் தாங்கும் தூண்களுள் ஒன்று என்பது அப்பொழுதுதான் அவருக்குப் புலனாயிற்று.

மறுநாள் முதல் அவர் மீண்டும் நிறுத்தத்தில் நின்றார். நோயுற்றோர்க்கும் அவசரத்திற்கும் மகிழுந்து உதவட்டும் என்று வீட்டில் விட்டு வைத்தார். ஊர்ப் பெரியவர்களைக் கண்டு பேசினார். கையொப்பம் பெற்று விண்ணப்பம் எழுதினார். சிலர் இசைந்தனர், சிலர் நகைத்தனர். மாலை நடை நிற்கவில்லை. அவர் ஒருவர் ஏறியதனால் மட்டுமே அது நிலைத்தது என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் ஒவ்வொருவரும் ‘நான் ஒருவன் ஏறாவிட்டால் என்ன?’ என்று விலகியிருந்தால், அது நின்றே போயிருக்கும்.

ஊருணியை எண்ணிப் பாருங்கள். ஊரார் அனைவரும் நீர் முகந்த காலத்தில் அனைவரும் அதனைத் தூர் வாரினர், கரையைக் காத்தனர். வசதி உடையோர் தத்தம் வீட்டில் கிணறு வெட்டிக்கொண்ட பின் ஊருணியைக் கவனிப்பார் இல்லை. அது தூர்ந்தபொழுது அவர்களுக்கு இழப்பில்லை. கிணறு வெட்ட இயலாத ஏழையின் குடமே வறண்டது. பேருந்தும் அத்தகையதே. தன்னால் வேறு வழியில் செல்ல இயலும் என்றிருந்தும் பேருந்தில் ஏறுபவர், வேறு வழியே இல்லாதவர்க்காக அதனைக் காத்து நிற்கிறார்.

மாணவர்களே! நீங்கள் வளர்ந்து பொருளீட்டுவீர்கள். சொந்த வண்டியும் பெறுவீர்கள். அதில் தவறில்லை. ஆயினும் என்றோ ஒரு நாள், உங்கள் பையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்ட பெயரறியாத ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மடிக்கு நீங்கள் கடன்பட்டவர்கள். இயன்றபோதெல்லாம் பேருந்தில் ஏறி, நின்று வரும் ஒரு சிறுவனின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கடன் அவ்வாறே தீரும்.